கணினி திடீரென்று டிஸ்க் படிக்க மறுத்தால்

ஒப்பாரி, தாலாட்டு, ஊர்ப் பெரியவர்களின் பேச்சு என்று கள ஆய்வில் பதிவு செய்தவற்றை நம்மில் பலர் சிடிகளில்தான் போட்டு வைத்திருக்கிறோம். பாடியவர்களில் பலர் இன்று இல்லை. அதனால் "நேத்து வரைக்கும் ஓடிச்சு, இன்னிக்கு படிக்க மாட்டேங்குது" என்பது சின்ன விஷயம் இல்லை. போன மாதம் என் கணினி அப்படி நின்றபோது நான் பார்த்த வரிசையை இங்கே குறித்து வைக்கிறேன்.

கோளாறு சிடியிலா, டிரைவிலா, விண்டோஸிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். கடையில் வாங்கிய ஒரு பாட்டு சிடி, ஒரு டிவிடி இரண்டையும் போட்டுப் பாருங்க. டிவிடி ஓடுது, சிடி மட்டும் ஓடலைன்னா லேசர் மேல் சந்தேகப்படலாம். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் ஒளி, டிவிடிக்கு 650. இரண்டுக்கும் தனித்தனி லேசர் என்பதால் ஒன்று தளர்ந்தாலும் மற்றது வேலை செய்யும்.

இரண்டுமே ஓடலையா? மை கம்ப்யூட்டரில் டிரைவே காணோமா? டிவைஸ் மேனேஜரைத் திறங்க. டிரைவின் பெயர் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறியும், கோட் 19 அல்லது 39-உம் இருந்தால் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டாம். எனக்கு வந்தது இதுதான். டிஸ்க் எழுதும் மென்பொருளை நிறுவும்போதோ நீக்கும்போதோ ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகள் கெட்டுப்போவது உண்டு. ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துவிட்டு அவற்றை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் திரும்பி வரும். ஆனால் கவனம்: கீபோர்டுக்கும் இதே பெயரில் பதிவு உண்டு, அதை நீக்கினால் கீபோர்டு போயிடும். கிளாஸ் என்ற இடத்தில் 'சிடிராம்' என்று இருக்கும் கீயில் மட்டும் கை வைக்கணும்.

பயாஸிலேயே டிரைவ் தெரியலைன்னா, கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்க.

ஒரே ஒரு சிடி மட்டும் படிக்கலைன்னா, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கணும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், தகவல் ஓடும் தடத்தோடேயே நீளும். டிரைவின் பிழைதிருத்தத்தால் அதைச் சமாளிப்பது கடினம். சிடியில் தகவல் இருப்பது பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான், அதனால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதக் கூடாது. ஃபைனலைஸ் செய்யாத சிடியை, முடிந்தால் அதை எழுதின டிரைவிலேயே போட்டுப் பாருங்க.

எப்படியோ ஒருமுறை படித்துவிட்டால், கேட்டு ரசிப்பதெல்லாம் அப்புறம். முதல் வேலை, ஹார்ட் டிஸ்க் இரண்டில் நகல் எடுப்பது.