மார்பகச் சிரை அழற்சி: வலி தணிந்த பின்னும் தங்கும் தடிப்பு

மார்பகத் தோலுக்கடியில் நாண் போன்ற தடிப்பொன்று திடீரெனத் தென்பட்டு, கையை உயர்த்தும்போது இழுத்து வலித்தால், மனத்தில் முதலில் எழுவது புற்றுநோய் அச்சமே. அவ்வச்சத்துடன் எங்களிடம் வருவோருள் சிலருக்கு இருப்பது மேற்புறச் சிரை அழற்சி. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆன்ரி மோன்டோர் 1939இல் விவரித்தமையால், இது மோன்டோர் நோய் எனப்படுகிறது.

தோலை ஒட்டிய சிரையில் இரத்தம் உறைந்து, அதன் சுவர் அழற்சியுறுகிறது. மார்பக அறுவை, ஊசித் திசுப் பரிசோதனை, அடி, இறுக்கமான உள்ளாடை ஆகியவை காரணமாகலாம். காரணம் புலப்படாமலும் வரும். இது கிருமித் தொற்று அன்று. ஆதலால் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

வலியைத் தணிக்க, இபுப்ரோஃபென் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகளைச் சில நாட்கள் உணவுக்குப் பின் உட்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம். வெதுவெதுப்பான ஒத்தடமும், மார்பகத்தைத் தாங்கும் உள்ளாடையும் இதம் தரும். மருந்து வலியைக் குறைக்குமேயன்றித் தடிப்பை உடனே கரைத்துவிடாது. வலி நின்ற பின்னும் அது கைக்குத் தட்டுப்படுவதால், மருந்து பலிக்கவில்லை என்றெண்ணித் தாமாகவே அளவைக் கூட்ட வேண்டா. பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்களில் தடிப்பு தானே மறையும்.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளோரும், கர்ப்பிணிகளும், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரைகளை வாங்கி உண்ணலாகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அரிதாக, இத்தடிப்பின் பின்னே புற்றுநோய் இருப்பதுண்டு. ஆகையால் வலி குறைந்தாலும், மருத்துவர் எழுதித்தந்த மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். தனிக் கட்டி ஏதும் தென்பட்டால், மறுபரிசோதனைக்குக் குறித்த நாள்வரை காத்திராமல் வந்துவிடுங்கள்.