சார்ள்ஸ் பேர்னெற்: உழைப்பாளர் வாழ்வும் திரைப்படச் சந்தையும்

அமெரிக்கத் திரைப்படம் என்றதும் ஹொலிவூட்டின் பெருநிறுவனங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு மிக அண்மையில் வாழ்ந்தும், அவற்றின் வழியிற் செல்லாது, கறுப்பினத் தொழிலாளர் வாழ்வைச் சித்திரித்த நெறியாளர் சார்ள்ஸ் பேர்னெற் ஆவார். அவரது வழமை மீறலை வெறும் உத்திப் புதுமையாகக் கொள்ளலாகாது. யாருடைய வாழ்வை எந்நிலையில் நின்று காட்டுவது என்னும் வினாவே அதன் ஊற்றுக்கண்.

1944 இல் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பேர்க் நகரிற் பிறந்த பேர்னெற், சிறு வயதிலேயே லொஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதிக்கு வந்து சேர்ந்தார். தென் மாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த அப்பகுதியில் 1965 இல் பெருங்கிளர்ச்சி மூண்டது. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் திரைப்படம் பயின்றபோது, ஆசிரியருள் ஒருவராயிருந்தவர் பசில் றைற். 1934 ஆம் ஆண்டின் 'சோங் ஒவ் சிலோன்' என்ற விவரணப்படத்தின் நெறியாளராக நம் நாட்டவர் அவரை அறிவர். படம்பிடிக்கப்படும் மனிதரை மதித்தல் வேண்டும் என்பதை அவரிடமே கற்றதாகப் பேர்னெற் கூறியுள்ளார்.

இம்மதிப்பின் விளைவே, 'ஆடுகளைக் கொல்பவன்' எனப் பொருள்படும் 'கில்லர் ஒவ் ஷீப்'. முதுமாணிப் பட்டத்தின் பொருட்டு ஆக்கப்பட்ட இக்கறுப்பு வெள்ளைப் படத்தை எழுதியவரும், நெறிப்படுத்தியவரும், ஒளிப்பதிவு செய்தவரும், தொகுத்தவரும் அவரே. செலவு 10,000 டொலருக்கும் குறைவு. நடித்தோருட் பெரும்பாலோர் தொழின்முறை நடிகரல்லர். படப்பிடிப்புப் பெரிதும் வார இறுதிகளிலேயே நடைபெற்றது.

கதைத்தலைவன் ஸ்ரான் கொல்களத் தொழிலாளி. உழைப்பின் களைப்பு அவனது உறக்கத்தையும் இல்லறத்தின் அன்பையும் அரிக்கின்றது. அரும்பாடுபட்டு வாங்கிய பழைய மோட்டார் இயந்திரமொன்று வண்டியிலிருந்து விழுந்து பழுதாகும் காட்சியில், ஒரு வர்க்கத்தின் சின்னஞ்சிறு நம்பிக்கைகள் எவ்வளவு எளிதில் நொறுங்குகின்றன என்பதைக் காண்கிறோம். இங்கு முழக்கங்களும் இல்லை, தீர்வும் இல்லை. இதனை முற்போக்குவாதிகள் சிலர் குறையெனக் கருதக்கூடும். ஆயின் வாழ்வில் எய்தப்படாத வெற்றியைத் திரையில் வழங்காமையே இப்படத்தின் நேர்மை என்பது எமது கருத்து.

இப்படத்தை எவரும் தடைசெய்யவில்லை. எனினும் 2007 வரை அது வணிகத் திரையரங்குகளை எட்டவில்லை. போல் றொப்சன், டைனா வாஷிங்டன் முதலியோரின் பாடல்களுக்கு உரிமை பெறப்படாமையே காரணம். 1981 இல் பெர்லின் விழாவில் விமர்சகர் பரிசும், 1990 இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடமும் பெற்ற பின்னரும் இதுவே நிலை. இறுதியில் அவ்வுரிமைகளுக்குச் செலவான தொகை ஏறத்தாழ 150,000 டொலர். அதாவது ஆக்கச் செலவின் பதினைந்து மடங்கிற்கும் அதிகம். கறுப்பின மக்களின் இசை, அம்மக்களின் வாழ்வைக் கூறும் படத்துக்கே எட்டாத பண்டமாயிற்று.

பேர்னெற் பின்னர் 'ரு ஸ்லீப் வித் அங்கர்' (1990) முதலிய படங்களை நெறிப்படுத்தினார். 2017 இல் கௌரவ ஒஸ்கார் விருதும் பெற்றார். சிறந்த படைப்பு என்றேனும் மக்களைச் சென்றடையும் என்று இதனைக் கொண்டு ஆறுதல் கொள்வது எளிது. ஆனால் வாட்ஸ் மக்களின் ஒரு தலைமுறை, தன்னைப் பற்றிய படத்தைத் திரையரங்கிற் காணாமலே கழிந்தது. கலைஞனது சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவோர், ஆக்கும் உரிமையோடு, ஆக்கியதை உரியோரிடம் சேர்க்கும் வழிகளையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.