மே 31-க்கும் ஜூன் 1-க்கும் நடுவே

செஞ்சி ஒன்றியத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டு இடைநிலை ஆசிரியர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே கல்வித்தகுதி, ஒரே வேலை. ஒருவர் 2009 மே மாதக் கடைசியில் பணியில் சேர்ந்தவர். மற்றவர் ஜூன் முதல் வாரத்தில். முன்னவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று நிர்ணயமானது, பின்னவருக்கு 5,200. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டித் தமிழக அரசு ஊதியத்தைத் திருத்தியபோது, ஏற்கெனவே பணியில் இருந்தவர்களின் பழைய 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கியது, ஜூன் 1 முதல் வந்தவர்களையோ புதிய ஊதியக் கட்டின் அடிமட்டத்தில் வைத்தது. அப்படிச் சிக்கியவர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர்.

இந்த இடைவெளியைச் சராசரி காட்டிக்கொடுக்காது. மூத்தவர்கள் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதோடு அது நின்றுவிடும். சீனியாரிட்டி என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம். தரவு அறிவியல் வேறு விதமாகப் பார்க்கிறது. பணியில் சேர்ந்த தேதியைக் கிடையாகவும் ஊதியத்தை நெடுக்காகவும் வைத்து ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக்கினால், ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு மெல்லிய சரிவாகத் தெரியும். 2009 ஜூனில் மட்டும் சரிவு அறுந்து, படி ஒன்று விழுந்திருக்கும். படிக்கு இருபுறமும் நெருக்கமாக நிற்பவர்களைத் தனியே எடுத்து ஒப்பிட்டால் அனுபவம், தகுதி என்ற காரணங்கள் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது தேதி மட்டுமே. இதற்கு வேண்டிய தரவு சம்பளப் பட்டியல் தயாராகும் 'களஞ்சியம்' அமைப்பிலேயே இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுத்தாலே போதும்.

அரசாணையிலேயே உள்ள விஷயத்துக்குக் கணினி எதற்கு என்று கேட்கலாம். அரசாணையில் உள்ளது தொடக்கப் புள்ளி மட்டும்தான். 3,170 ரூபாய் வித்தியாசம் ஏழாவது ஊதியக் குழுவின் 2.57 என்ற பெருக்கத்தில், இடைப்பட்ட ஊதிய உயர்வுகளைக் கணக்கில் எடுக்காமலேயே, 8,000-ஐத் தாண்டிவிடுகிறது. அதன்மேல் அகவிலைப்படி வேறு. 2018 டிசம்பரில் ஆசிரியர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்ததும், 2023 ஜனவரியில் அரசு மூவர் குழுவை அறிவித்ததும் இந்தக் குட்டி போடும் கணக்கால்தான். கஜானா தாங்காது என்பது இன்னொரு வாதம். எவ்வளவு தாங்காது, எத்தனை ஆண்டில் கட்டம்கட்டமாகத் தாங்கும் என்பதையும் அதே தரவு சொல்லிவிடும். அதைப் போட்டுப் பார்க்காமலேயே மறுப்பது வாதமாகாது.

எனக்குப் பெரிதாகப் படும் ஆட்சேபம் வேறு. காலமுறை ஊதியம் பெறுவோரை மட்டும் அலசினால், ஒரே பதவியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம்தான் என்று விடை வரும். ஆனால் சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற தனியான, குறைந்த ஊதியத்தில் இருக்கும் சத்துணவுப் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் எந்தக் காலமுறைக்குள்ளும் வரவில்லை. இவர்களையும் சேர்த்தால்தான் இடைவெளியின் முழு அளவு வெளிவரும். நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதியமாவது தரவேண்டும் என்று 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'அதே வேலை' எது என்பதைக் கணினி தீர்மானிக்க முடியாது. யார் எத்தனை மணி நேரம் என்ன வேலை பார்க்கிறார் என்பதைப் பள்ளி பள்ளியாகப் போய்த்தான் எழுதிவர வேண்டும். சம்பளப் பட்டியலில் அதற்குப் பத்தி கிடையாது.