உங்களுக்குத் தெரியுமா? குருவிக்கு வைத்தது அணிலுக்கு!

கோத்தா திங்கியில் வீட்டுக் கொல்லையில் ஒரு துண்டு பப்பாளியைக் குத்தி வைத்தால் கொண்டைக்குருவி வந்து நாலு கொத்து கொத்தும். அடுத்து வருபவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அவர் வந்து போனபின் குருவிக்குத் தோல் மிஞ்சினால் அதிர்ஷ்டம். இந்த வாரம் அந்த வாலாட்டும் விருந்தாளியைப் பற்றிச் சில செய்திகள்.

◆ முதுகில் மூன்று கோடு எங்கே?

தேடாதீர்கள், இருக்காது. ஜோகூரில் தாமான் வேலியிலும் செம்பனை மட்டையிலும் ஓடித் திரிவது கல்லோசியூரஸ் நோட்டாட்டஸ் என்ற இனம். முதுகு பழுப்பு. வயிறு செங்கல் நிறம். விலாவில் மட்டும் வெளிர் நிறமும் கறுப்புமாக ஒரு பட்டை ஓடும். பழத்தைத் தின்னும்போது கவனியுங்கள்: பின்னங்கால் நகங்களைக் கிளையில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும், முன்னங்கால் இரண்டும் கைகளாகிவிடும், பழத்தை உருட்டி உருட்டிக் கடிக்கும். அணிலின் பின்னங்கால் கணுக்கால் பின்பக்கமாகத் திரும்பக்கூடியது. தலைகீழாக மரம் இறங்கும் வித்தையும் அதனால்தான்.

மூன்று கோட்டு அணில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் சொந்தம். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறியபோது அணில் கதையைக் கொண்டுவந்தார்கள், அணில் வரவில்லை. அந்தக் கதையும் வால்மீகி ராமாயணத்தில் கிடையாது. அணை கட்ட உதவிய அணிலைத் தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் பாடியிருக்கிறார். ராமர் முதுகில் தடவியதால் கோடு விழுந்தது என்பது மக்கள் வாயில் வளர்ந்த கதை.

இருந்தாலும் ஏமாற வேண்டாம். மலேசியக் காடுகளில் தரையில் ஓடும் லாரிஸ்கஸ் என்றோர் அணில் உண்டு. அதன் முதுகில் சரியாக மூன்று கறுப்புக் கோடுகள்! வீட்டுப் பக்கம் வராது. பறவை பார்ப்பவர்கள் தேடிப் போகும் பந்தி காடு போன்ற இடங்களுக்குள் போய்ப் பொறுமையாக உட்கார்ந்தால் வாய்ப்பு உண்டு.

◆ அணில் மாதிரி, ஆனால் அணில் இல்லை

பறவைத் தட்டில் தின்பது அணில்தான் என்று உறுதியாக நம்பாதீர்கள். மூக்கு நீண்டு மூஞ்சூறு முகமாக இருந்தால் அது மர மூஞ்சூறு. மலாய்க் கம்பங்களில் இரண்டையுமே துப்பாய் என்றுதான் சொல்வார்கள். வால் ஒன்று போல, நிறம் ஏறக்குறைய ஒன்று போல. ஆனால் மர மூஞ்சூறு எலி, அணில் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. ஒரு காலத்தில் அறிஞர்கள் அதைக் குரங்கினத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். இப்போது அதற்குத் தனி வரிசை. இந்த வகைக்குத் துப்பாயா என்று அறிவியல் பெயர் சூட்டியவர் 1821இல் ராபிள்ஸ். ஆமாம், சிங்கப்பூர் ராபிள்ஸ்தான்.

◆ கள்ளுக்கடை வாடிக்கையாளர்

மர மூஞ்சூறு பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். மலேசியக் காடுகளில் பெர்த்தாம் என்ற பனையின் பூவில் ஊறும் தேன் தானாகவே புளித்துக் கள்ளாகிவிடும். அதில் 3.8 விழுக்காடு வரை மது அளந்திருக்கிறார்கள், பியர் அளவுக்கு. இறகு வால் மர மூஞ்சூறு என்னும் குட்டி விலங்கு இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே கிடந்து குடிக்கிறது. தள்ளாட்டம் மட்டும் இல்லை! பேராக் மாநிலக் காட்டில் நடந்த இந்த ஆய்வு 2008இல் வெளியானது. தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் வளர்ந்த தலைமுறைக்கு இதை நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும்.

◆ 22 மாதம் மறக்காத மூளை

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம்பல் அணில்களுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். நெம்புகோலைச் சரியாகத் தள்ளினால் பருப்பு விழும். முதல் தடவை சராசரியாக 8 விநாடி ஆனது. பழகப் பழக 2 விநாடிக்கு இறங்கியது. பிறகு 22 மாதங்கள் பெட்டியைக் கண்ணிலேயே காட்டவில்லை. அதன்பின் வேறு வடிவத்தில், ஆனால் அதே உத்தியில் திறக்கும் பெட்டியைக் கொடுத்தார்கள். 3 விநாடி! 2017இல் வெளிவந்த இந்த ஆய்வில் இருந்தவை ஐந்தே அணில்கள். எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் போன வருடம் தோற்றுப்போன தட்டை மறுபடி அதே கொக்கியில் மாட்டுபவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி.

◆ எவ்வளவு தூரம் என்பதல்ல, எவ்வளவு வளையும் என்பது

எவ்வளவு கெட்டிக்காரத் துப்பாயும் ஒருநாள் தாவித் தரையில் விழும் என்று மலாயில் ஒரு பழமொழி உண்டு. நாம் யானைக்கும் அடி சறுக்கும் என்போம். யானை விஷயம் எப்படியோ, அணில் விஷயத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் சோதித்தே பார்த்துவிட்டது. வளாகத்து யூகலிப்டஸ் மரங்களில் வாழும் அணில்களுக்கு வளையும் கம்பு, வளையாத கம்பு, பல அளவு இடைவெளி என்று வைத்து, எதிரே வேர்க்கடலையைக் காட்டினார்கள்.

எந்த இடத்திலிருந்து தாவலாம் என்று முடிவெடுக்கும்போது அணில் பெரிதாகப் பார்ப்பது தூரத்தை அல்ல. காலடியில் உள்ள கிளை எவ்வளவு வளைகிறது என்பதைத்தான். அதற்குத் தூரத்தைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு முக்கியத்துவம் கொடுத்ததாகக் கணக்கு வந்தது. தாவல் குறைந்தால் நகத்தால் கம்பைப் பிடித்துச் சுற்றி எழுந்துகொள்ளும். கூடினால் எதிர்ச் சுவரை உதைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அத்தனை தாவலிலும் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. ஆய்வு வெளியானது 2021இல், ‘சயின்ஸ்’ இதழில்.

வீட்டுக்கு வருவோம். பறவைத் தட்டின் மேலே தடித்த ரம்புத்தான் கிளை நீட்டிக்கொண்டிருந்தால் தட்டை மாற்றிப் பயனில்லை. கிளையை வெட்டுங்கள்.

◆ நாசா பொறியாளரும் தோற்றார்

மார்க் ரோபர் நாசாவில் வேலை பார்த்தவர். 2020இல் பெருந்தொற்று அடைப்பில் வீட்டில் இருந்தபோது, அணில் எட்டாத பறவைத் தட்டு செய்யப் புறப்பட்டார். கடைசியில் கொல்லை முழுக்க அணில்களுக்கு ஒரு தடை ஓட்டப் பாதையே கட்டி முடித்தார். அணில்கள் அதையும் கடந்தன. காணொளியைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். இது புது வேடிக்கையும் அல்ல. பிரிட்டனில் பிபிசி 1980களின் இறுதியிலேயே இதே மாதிரித் தடைப் பாதையில் அணிலை ஓடவிட்டுப் படம் பிடித்திருக்கிறது.

◆ பங்குச் சந்தையைப் படுக்கவைத்த வால்

அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை 1987இலும் 1994இலும் அணிலால் நின்றுபோனது. இரண்டு முறையும் அணிலால் மின்சாரம் தடைப்பட்டதுதான் காரணம்; 1994இல் மின்கம்பியையே கடித்துவிட்டது. அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் வாய் மூடும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தட்டு நிலைக்காததும் இதனால்தான்.

◆ மிளகாய் வைத்தியம் பலிக்குமா?

தீனியில் மிளகாய்த் தூள் தூவும் வித்தை பாதி பலிக்கும். பறவைக்குக் காரம் உறைக்காது, பாலூட்டிக்கு உறைக்கும். காரத்தைச் சூடாக உணரவைக்கும் வாயில் ஒன்று நரம்பில் இருக்கிறது. பறவைகளிடம் அந்த வாயில் மிளகாயின் காரத்துக்குத் திறப்பதில்லை. அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய்ச் செடிக்கும் இதில் லாபம். விதையை மென்று பாழாக்கும் எலி ஒதுங்கிவிடும், அப்படியே விழுங்கித் தூரத்தில் எச்சமிடும் பறவை வரும்.

ஆனால் மர மூஞ்சூறு? சீனாவில் வாழும் ஓர் இனத்துக்கு அந்த வாயிலில் ஒரு சிறு மாற்றம். அது காரமான உணவை நிம்மதியாகத் தின்கிறது என்று 2018இல் நிரூபித்தார்கள். நம்மூர் மர மூஞ்சூறு அதற்கு உறவுக்காரன் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளத்தில் மிதந்த ஊர் கோத்தா திங்கி. வடகிழக்குப் பருவமழையில் மிளகாய்த் தூள் எவ்வளவு நேரம் தட்டில் நிற்கும்? வெயில் நாளில் காற்றடித்தால் அதே தூள் நம் கண்ணுக்குத்தான் வரும்.

◆ தென்னைக்குக் கட்டிய தகரம்

மேலைநாட்டுக் கடைகளில் பறவைத் தட்டுக் கம்பத்துக்குக் கூம்பு வடிவத் தடுப்பு விற்கிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்த சமாசாரம்தான்: எலியும் அணிலும் ஏறாமல் இருக்கத் தென்னையின் உடம்பில் தகரம் சுற்றுவோமே, அதே வித்தை. வழவழப்பில் நகம் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஆனால் பக்கத்து மரத்திலிருந்து தாவினால் தகரம் என்ன செய்யும்? அதற்கு அமெரிக்கர்கள் 5-7-9 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து 5 அடி உயரம், பக்கத்து மரத்திலிருந்தும் சுவரிலிருந்தும் 7 அடி, மேலே தொங்கும் கிளையிலிருந்து 9 அடி. லிங்க் ஹவுஸ் கொல்லையில் 7 அடி கிடைப்பது கஷ்டம்தான்.

கம்பத்தில் கிரீஸ் மட்டும் தடவாதீர்கள். அணில் ரோமத்திலும் பறவை இறகிலும் ஒட்டினால் அவற்றால் துடைத்துக்கொள்ள முடியாது.

◆ ஆந்தை உதவாது

செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கம்பத்தில் பெட்டி வைத்துக் கூகை ஆந்தை வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1969இல் ஜோகூர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அது கூடு கட்டியது பதிவானது. பிறகு நாடு முழுக்கப் பெட்டிகள் முளைத்தன. ‘கொல்லையிலும் ஒன்று வைத்தால் அணில் ஓடாதா?’ ஓடாது. ஆந்தைக்கு இரவு ஷிப்ட், அணிலுக்குப் பகல் ஷிப்ட்.

◆ கத்தலைக் கேளுங்கள்

மலேசிய அணில்கள் எல்லா ஆபத்துக்கும் ஒரே மாதிரி கத்துவதில்லை. வானத்திலிருந்து வரும் எதிரிக்கு ஒரு குரல், தரையில் வரும் பூனை போன்றவற்றுக்கு ஒரு குரல், பாம்புக்கு வேறு. நம் வீட்டு அணில் உட்பட மூன்று இனங்களை வைத்து 1993இலேயே இதை எழுதியிருக்கிறார்கள். பாம்பைக் கண்டால் அணில் ஓடிப்போவதற்குப் பதில் கூட நின்று கத்துவதும் உண்டு. வேலியோரம் அணில் விடாமல் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் துணி காயப்போட அந்தப் பக்கம் போகுமுன் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

◆ அணில் கடித்த பழம் இனிக்குமா?

கொய்யாவுக்கு நாம் சொல்வோம், டுரியானுக்கு மலாய்க்காரர்கள் சொல்வார்கள். அணில் பழுத்ததைத் தேடித்தான் கடிக்கும் என்பதால் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் கடித்தது அணில்தானா, வௌவாலா என்று பல் அடையாளம் வைத்துச் சொல்ல நம்மால் முடியுமா? 1998-99இல் மலேசியாவில் 105 உயிர்களைக் கொண்டுபோன நிப்பா கிருமி பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்தது. நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான் அதற்கு. 2018இல் கேரளாவில் அது தலைகாட்டியபோது, கடிபட்ட பழத்தைத் தொடாதீர்கள் என்று அறிவித்தார்கள். எனவே பாதி தின்ற பழத்தை அப்படியே மரத்தடியில் விட்டுவிடுங்கள்.

வௌவாலை அடித்துக் கொல்லவும் வேண்டாம். தியோமான் தீவில் டுரியான் பூவுக்கு மகரந்தம் சுமப்பது பழந்தின்னி வௌவால்தான் என்று 2017இல் கேமரா வைத்துக் கண்டிருக்கிறார்கள். டுரியான் வேண்டும், வௌவால் வேண்டாம் என்றால் எப்படி?

◆ தனிப் பந்தி போடுங்கள்

பூட்டும் வலையும் போட்டு அலுத்தவர்கள் கடைசியில் வந்து சேரும் வழி இது. பறவைத் தட்டிலிருந்து தள்ளி, கொல்லையின் மறு கோடியில், அணிலுக்கென்று பாதித் தேங்காய் மூடியைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். சுரண்டித் தின்ன வேலை வைக்கும் உணவு அதற்குப் பொருத்தம். பற்களும் தேயும், நேரமும் போகும். குருவித் தட்டில் சோளமும் வேர்க்கடலையும் வேண்டாம். கொண்டைக்குருவிக்குப் பழத்துண்டு போதும், புறாவுக்குக் கொஞ்சம் அரிசி. தேன்சிட்டு தட்டுக்கே வராது, அதற்குச் செம்பருத்தி நட்டால் போதும்.

அணில் பூச்சியும் தின்னும் என்பதை மறக்க வேண்டாம். காய்ந்த சுள்ளியை உடைத்து உள்ளே இருக்கும் எறும்பு முட்டையை வழித்துத் தின்பதைக் கொல்லையிலேயே பார்க்கலாம். பட்டினியில் வாடுகிறதே என்று அள்ளிக் கொட்டத் தேவையில்லை. காலையில் வைப்பது நண்பகலுக்குள் தீர வேண்டும். மிச்சம் ராத்திரி கிடந்தால் எலி வரும். எலி வந்தால் எலிக்காய்ச்சல் பயம், பின்னாலேயே மலைப்பாம்பு.

அணில், மர மூஞ்சூறு, புறா வரைக்கும் பேச்சுவார்த்தை நடத்தலாம். காட்டோரத் தாமான்களில் குரங்குக் கூட்டம் ஒருநாள் தட்டைக் கண்டுபிடித்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. அன்றே தட்டு, கம்பி, தேங்காய் மூடி எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டுங்கள். குறைந்தது ஒரு மாதமாவது வெளியே எடுக்காதீர்கள்.