பாடுகிறோம், படிக்கிறோமா?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ்ச் சபைகளின் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெண்திரை. அதில் பாடல் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாடல் தமிழ், ஆனால் எழுத்து ரோமன் எழுத்து. தமிழ் பேச வரும், பாட வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வராது என்ற நிலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

“இப்படியாவது பாடுகிறார்களே” என்று ஒரு சாரார் மகிழ்கிறார்கள். “தமிழ் போய்விட்டதே” என்று இன்னொரு சாரார் வருந்துகிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அதற்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு படிப்பைக் கைவிட்டால், விசுவாசத்துக்கு என்ன ஆகும்?

வசனம் முதலில், பாட்டு பிறகு

கிறிஸ்தவ ஆராதனையில் பாட்டு வெறும் அலங்காரமன்று. வேதாகமத்திலேயே 150 சங்கீதங்கள் இருக்கின்றன. கடைசி இராப்போஜனத்துக்குப் பிறகு இயேசுவும் சீடர்களும் பாடிவிட்டே ஒலிவ மலைக்குப் போனார்கள் என்று மாற்கு எழுதுகிறார். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் பவுல், பாடுவதை ஒருவருக்கொருவர் போதிக்கும் வழியாகவே காட்டுகிறார். ஆனால் அங்கே வரிசையைப் பாருங்கள். வசனம் உள்ளத்தில் குடியிருக்க வேண்டும் என்பது முதலில். பாட்டு அதன் பிறகு.

மார்ட்டின் லூதரும் இதே வரிசையில்தான் போனார். 1522-ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். 1524-ல் எட்டே பாடல்கள் கொண்ட ஒரு சிறு நூல் வந்தது. அவற்றில் நான்கு அவர் எழுதியவை. மக்கள் தம் மொழியில் படிக்கவும் வேண்டும், பாடவும் வேண்டும் என்பதே நோக்கம். கத்தோலிக்கத் திருச்சபையில், 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் மக்களின் மொழிக்கு வழிபாட்டில் இடம் திறந்துவிட்டது.

பாமாலையும் கீர்த்தனையும்

தமிழுக்கு வருவோம். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1715-ல் அங்கேயே அச்சாகி முடிந்தது. அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் வேதாகமத்தை மொழிபெயர்த்ததோடு, பல ஜெர்மன் பாடல்களையும் தமிழாக்கினார். இப்படி மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாடல்களையே பாமாலை என்றும் ஞானப்பாட்டு என்றும் சொல்கிறோம்.

இவற்றில் ஒரு சிரமம் இருந்தது. தமிழில் குறில், நெடில் மாறினால் பொருளே மாறிவிடும். “விடு” என்பதை நீட்டினால் “வீடு” ஆகிவிடும். “படு” என்பது “பாடு” ஆகிவிடும். மெட்டு வெளியிலிருந்து வந்து, சொல்லை அதற்குள் அடக்கும்போது இந்தத் தடுமாற்றம் வருவது இயல்பு.

அந்த வேளையில் சொல்லும் மெட்டும் ஒன்றாகப் பிறந்த பாடல்களைத் தந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). “பிரதாப முதலியார் சரித்திரம்” எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற சாஸ்திரியார், நம் மக்களுக்குப் பழகிய குறவஞ்சி வடிவத்தையே எடுத்து “பெத்லகேம் குறவஞ்சி” பாடினார். வேதச் செய்தியோடு அக்காலப் பூகோளமும் வானசாஸ்திரமும் அதில் இடம்பெற்றன என்பது குறிப்பிடத்தக்கது.

கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று பகுதிகள் உண்டு. சரணத்தில் செய்தி விரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் பல்லவி திரும்பி வரும். எழுத்தறியாதவரும் இரண்டு வாரத்தில் பல்லவியைப் பிடித்துக்கொள்வார். சரணங்களைக் கேட்டுக் கேட்டே வேதக் கதையை அறிந்துகொள்வார். படிக்கத் தெரியாதவருக்குப் பாட்டே வேதப் புத்தகமாக இருந்தது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்தப் பாட்டை எழுதியவர் ஆழமாகப் படித்தவர்.

படித்தவர் எழுதினார்

இதற்கு இன்னொரு சாட்சி எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை (1827–1900). நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட “மோட்சப் பிரயாணம்” என்ற கதையைத் தழுவி “இரட்சணிய யாத்திரிகம்” என்ற காப்பியத்தை 1894-ல் தந்தார். ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய கதை, தமிழ்க் காப்பிய மரபில் ஊறிய ஒருவரின் கையில் தமிழாகவே மலர்ந்தது. அதன் இடையே வரும் தேவாரப் பகுதிகள் இன்றும் பாடப்படுகின்றன. படித்தார், எழுதினார், அது பாட்டானது. சங்கிலியின் மூன்று கண்ணிகளும் ஒருவரிடத்திலேயே இருந்தன.

ரோமன் எழுத்து புதிதா?

இப்போது வெண்திரைக்குத் திரும்புவோம். தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவது கணினி கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்கிறோம். இல்லை. 1554-ல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் ஒரு கிறிஸ்தவ உபதேச நூல் தமிழிலும் போர்ச்சுகீசிய மொழியிலும் அச்சானது. அதில் இருந்த தமிழ் முழுவதும் ரோமன் எழுத்தில்தான். அப்போது தமிழ் அச்செழுத்துகள் கிடையாது.

ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு, 1578-ல் கொல்லத்தில் “தம்பிரான் வணக்கம்” அச்சானது. பதினாறே பக்கம்! அதை மொழிபெயர்த்தவர் அண்டிரிக் அடிகளார். பிற்பாடு வந்த வீரமாமுனிவர், ஒரே மாதிரி எழுதப்பட்டுவந்த எகர ஏகார, ஒகர ஓகாரங்களைப் பிரித்துக் காட்டும் வடிவங்களைத் தந்தார். படிப்பவர் தடுமாறக்கூடாது என்பதே அவர் கவலை. ரோமன் எழுத்து அன்று ஒரு படிக்கட்டு. அதில் ஏறி அவர்கள் தமிழ் எழுத்துக்கு வந்தார்கள். நாமோ தமிழ் எழுத்திலிருந்து அதே படிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

இறங்கினால் என்ன நஷ்டம்? திரையில் வழக்கமாக வரும் ரோமன் எழுத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. குறில், நெடிலும் அப்படியே. யோவான் சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரம் இயேசுவை “வழி” என்கிறது. திரையைப் பார்த்துப் பாடும் பிள்ளை அதை “வலி” என்று பாடினால், அது உச்சரிப்புப் பிழை மட்டுமல்ல. தனக்கு வழியாக இருப்பவரையே வலி என்று சொல்லிவிடுகிறது, சொன்னதும் அதற்குத் தெரிவதில்லை. ஆமென் சொல்லும் வாய்க்கு, எதற்கு ஆமென் என்று தெரிய வேண்டாமா?

இன்றைய துதிப் பாடல்களை நான் குறைகூறவில்லை. கீபோர்டும் டிரம்சும் வந்ததால் பக்தி குறைந்துவிடாது. சாஸ்திரியாரும் தம் காலத்து மக்களின் இசையைத்தான் எடுத்தார். ஆனால் துதிப் பாடல் பெரும்பாலும் சுருக்கமானது. சில வரிகள் திரும்பத் திரும்ப வரும். அது இதயத்தைத் தொடும். வேதக் கதையைச் சரணம் சரணமாகச் சொல்ல அதில் இடம் குறைவு. அந்த இடைவெளியை வாசிப்புதான் நிரப்ப வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

சிங்கப்பூரின் ஓபிர் ரோட்டில் உள்ள லூர்து மாதா ஆலயம் 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்தது. அந்தத் தலைமுறைக்கு வசதி குறைவு. ஆனாலும் தம் மொழியில் வழிபட ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார்கள். நமக்கு வசதி இருக்கிறது. கொஞ்சம் அக்கறைதான் வேண்டும்.

முதலாவது, திரையில் ரோமன் வரியை எடுத்துவிட வேண்டாம். பிள்ளை வெளியே நின்றுவிடும். அதற்கு மேலே தமிழ் வரியையும் போடுங்கள். வாரந்தோறும் பாடும் பல்லவியின் எழுத்துகள் கண்ணுக்குப் பழகிவிடும். தெரிந்த பாட்டைவிட எளிய பாடப்புத்தகம் ஏது?

இரண்டாவது, பாடுவதற்கு முன் அந்தப் பாட்டுக்கு அடிப்படையான வேதப் பகுதியை ஒரு வாலிபர் தமிழில் வாசிக்கட்டும். மூன்று வசனம் போதும். தட்டுத் தடுமாறினாலும் பெரியவர்கள் சிரிக்காமல் இருந்தால் சரி.

மூன்றாவது, எழுதச் சொல்லுங்கள். பாட்டில் புரிந்ததை நான்கு வரி எழுதிப் பார்த்தால், எது புரியவில்லை என்பது அப்போதுதான் தெரியும். நாளைக்கு நம் மண்ணின் பாடலாசிரியர் அந்த நான்கு வரியிலிருந்தே வரக்கூடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பாடிய பாட்டில் ஒரு சொல்லுக்கு உங்கள் பிள்ளையிடம் பொருள் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் திட்ட வேண்டாம். வேதாகமத்தை எடுத்து, அந்தச் சொல் வரும் இடத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள்.