உப்புக்காற்றில் ஓர் உருக்குச் சைக்கிள்

வேலணையில் எங்கள் வீட்டுக் கிணற்றடி வேலியோடு பல காலமாகச் சாய்ந்து கிடந்தது அப்புவின் ராலி சைக்கிள். சில்லு இல்லை, சீற் இல்லை, செயின் எப்போதோ மண்ணோடு மண்ணாகிவிட்டது. மிஞ்சியது வெறும் பிறேம். பழைய இரும்பு வாங்க வந்தவர் தராசை நீட்டினார். கொடுக்க மனம் வரவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடைக்கார ஐயா பிறேமைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, ஒரு சிறிய சாவியால் குழாய்களைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். மேற்குழாய் கணீரென்றது. சீற் குழாயும் அப்படியே. பெடல் அச்சு பூட்டும் அடிப்பெட்டிக்கு வந்ததும் குனிந்து, விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

"அடியிலைதான் தம்பி பாக்கவேணும். உப்பு அங்கைதான் குந்தியிருக்கும்."

அவர் சொன்னதில் பெரிய அறிவியல் இருக்கிறது. தீவுப் பகுதியில் சைக்கிள் நனைய மழை தேவையில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு இன்னும் பொல்லாதது. அதற்கு 33 வீதமே போதும். எனவே பண்ணைப் பாலத்தால் ஒருமுறை போய் வந்த சைக்கிளில், அல்லது குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு வள்ளத்தில் ஏறிப் போன சைக்கிளில், கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று இரவு முழுவதும் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் படலத்தின் ஒவ்வொரு துளியும் ஒரு சின்ன மின்கலம். துளியின் ஓரத்தில் ஒட்சிசன் அதிகம், நடுவில் குறைவு. நடுவிலுள்ள இரும்பு தன் இலத்திரன்களைக் கொடுத்துவிட்டுக் கரைகிறது. உப்பு அந்த மின்னோட்டத்துக்கு நல்ல பாதை போட்டுக் கொடுக்கிறது. உருக்கின் மேல் தானாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தையும் குளோரைட்டு துளைத்துவிடுகிறது. சீற் குழாய் வழியாக இறங்கும் ஈரம் போய்ச் சேரும் கடைசி இடம் அடிப்பெட்டி. ஐயா விரலை விட்டது அங்கேதான்.

நல்ல காலம், மேலோட்டமான துருதான். கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்ததும் பிறேமின் மூட்டுகள் வெளியே வந்தன. பழைய சைக்கிளில் குழாயோடு குழாயை உருக்கி ஒட்டுவதில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உறைபோல ஓர் உருக்குத் துண்டு. குழாய்க்கும் உறைக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவு இடைவெளி. 900 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் பித்தளை உருகி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த இடைவெளிக்குள் தானாக ஏறிப் பரவி இறுகிவிடும். உருக்கு உருக 1,500 பாகை அளவு வேண்டும் என்பதால் குழாய் உருகாமல் தப்பிக்கிறது. அடிபட்டு வளைந்தால் நிமிர்த்தலாம், மூட்டு விட்டால் மறுபடி ஒட்டலாம். அதற்குத் தொழிற்சாலை தேவையில்லை, ஊர்ப் பட்டறை போதும். தீவில் வாழ்பவனுக்கு இதைவிடப் பெரிய வரம் வேறென்ன?

உருக்குக்கு இன்னொரு வரமும் உண்டு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிந்துவிடும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ரயில் அச்சுகள் ஏன் திடீரென முறிகின்றன என்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆராய்ந்தார் ஜேர்மன் பொறியியலாளர் ஔகுஸ்ட் வோலர். விசை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், எத்தனை இலட்சம் தடவை அழுத்தினாலும் உருக்கு களைப்பதில்லை என்பது அவருடைய சோதனைகளில் தெரியவந்தது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. அப்புவின் பிறேம் அத்தனை காலம் குன்றும் குழியுமான வீதியில் மனிதரையும் மூட்டைகளையும் சுமந்து இன்னும் கணீரென்று ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் உப்புநீர் தொட்டால் கதை மாறுகிறது. துரு தோண்டும் ஒவ்வொரு சிறு குழியும் வெடிப்பின் தொடக்கமாகிவிடும். களைக்காத உருக்கு களைக்கத் தொடங்கும். கடல் உருக்கின் உடலை மட்டும் தின்பதில்லை, அதன் ஆயுள் வரத்தையும் பறிக்கிறது. உப்புக்காற்றில் சைக்கிள் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை இது.

பிறகு பூட்டும் வேலை. அடிப்பெட்டியின் வலப்பக்கக் கப்பை நான் வழக்கம்போல் வலமாகத் திருகப் பார்த்தேன். "அது மறுவளம் தம்பி" என்றார் ஐயா. சங்கில் வலம்புரி, இடம்புரி இருப்பதுபோலச் சைக்கிளிலும் உண்டு. வலக் கப்பும் இடப் பெடலும் இடம்புரி. ஏன்? ஒரு கையை லேசாக மூடி அதற்குள் ஒரு பென்சிலை நுழையுங்கள். மறுகையால் வெளியே நீட்டிய நுனியை இறுக்காமல் பிடித்து வட்டமாகச் சுற்றுங்கள். நீங்கள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் பென்சில் தானாக உருளும். மிதிக்கும்போது கால் கொடுக்கும் விசை, பெடல் அச்சை அதன் துளைக்குள் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் பக்கமும் மாறி மாறி அழுத்துகிறது. மிக நுண்ணிய இடைவெளிக்குள் அச்சு அந்தப் பென்சிலைப்போலவே உருள்கிறது. இரண்டு பக்கமும் வலம்புரியாக இருந்தால் இடப் பெடல் ஓடஓடக் கழன்றுவிடும். இடம்புரி போட்டால் ஓடஓட இறுகும். விமானம் பறக்க விடுவதற்கு முன் டேட்டன் நகரில் சைக்கிள் செய்து விற்ற ரைட் சகோதரர்களும் 1900இல் கழலாத பெடல் என்று இதைத்தான் விளம்பரப்படுத்தினார்கள்.

கப்பில் கிறீஸ் நிறைய அப்பி, பக்கத்துக்கு 11 போல்ஸாக ஐயா ஒவ்வொன்றாகப் பதித்தார். ஒவ்வொன்றும் கால் அங்குலம். மிதிப்பவரின் பாரம் முழுவதும் அந்த உருண்டைகள் கப்பைத் தொடும் சின்னஞ்சிறு புள்ளிகளில்தான் இறங்குகிறது. ஒரு மணல் உள்ளே போனால் போதும், கப்பின் முகத்தில் கோடு விழுந்துவிடும். அதனால்தான் கீழே விழுந்த ஒரு போல்ஸை அவர் துடைத்துப் போடவில்லை. தூக்கி எறிந்துவிட்டுப் புதிது எடுத்தார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது சில்லு. மாட்டு வண்டிச் சில்லில் குடம் கீழேயுள்ள ஆரக்காலின் மேல் நிற்கிறது. சைக்கிள் கம்பியோ இரண்டு மில்லிமீற்றர் தடிப்புத்தான். தரையில் ஊன்றி அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 என்று எல்லாக் கம்பிகளையும் ஏற்கெனவே இழுத்துக் கட்டி வைத்திருக்கிறோம். ஏறி உட்கார்ந்ததும் கீழேயுள்ள சில கம்பிகளின் இழுவை குறைகிறது, மற்றவை பெரிதாக மாறுவதில்லை. அழுத்தத்தைத் தாங்க முடியாத கம்பி, இழுவையை விட்டுக்கொடுத்தே பாரம் சுமக்கிறது. கோட்டம் எடுக்கும்போது ஐயா கம்பிகளை வீணைத் தந்திபோல விரலால் மீட்டிப் பார்த்தார். இழுவை நான்கு மடங்கானால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும் என்பது இயற்பியல். மந்தமாக ஒலித்த கம்பிக்கு நிப்பிளில் கால் சுற்று. அவ்வளவுதான்.

அந்தச் சில்லு சுமந்த வேறொரு பாரமும் நினைவில் நிற்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பற்றரி கிடைக்காத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள் நம் சனங்கள். விளக்குக்கென்று செய்த 6 வோல்ட் டைனமோ. கேட்டு முடியும்வரை ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

கடைசியாகப் பின்பல்லு. முன்னே 44, பின்னே 18 பல் என்றால் ஒரு மிதிக்கு ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் போகலாம். ஐயா 20 பல் பிறீவீல் போடச் சொன்னார். நமது தீவுகளில் மேடு இல்லை, காற்றுத்தான் மேடு. சோளகம் அடிக்கும் மாதங்களில் வாணர் பாலத்தால் புங்குடுதீவுக்குப் போய்ப் பாருங்கள். காற்றுத் தடை, எதிர்கொள்ளும் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவரை அதே வேகத்தில் எதிர்காற்று அடித்தால் தடை நான்கு மடங்கு. 20 பல் போட்டால் ஒரு மிதிக்கு ஐந்து மீற்றருக்குச் சற்றுக் குறைவாகத்தான் போகலாம். ஆனால் காலுக்கு வேண்டிய விசை பத்தில் ஒரு பங்கு குறையும். அது சரியான தீர்ப்பு என்பதை அன்று மாலையே அந்தப் பாலத்தில் அறிந்தேன்.

உங்கள் வீட்டு வேலியோரத்திலும் ஒரு பழைய பிறேம் கிடக்கலாம். இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கணீரென்றால் உயிர் இருக்கிறது. தலைகீழாக்கி, உள்ளே தேங்கியதை வடியவிட்டு, நன்றாகக் காயவைத்து, குழாய்களுக்குள் ஒயில் விட்டுச் சுழற்றுங்கள். உவர்க் கிணற்று நீரால் மட்டும் கழுவாதீர்கள், அது உப்பின் மேல் உப்பு. மழைநீர் அரை வாளி போதும்.