எட்டு முதல் இருபத்தொன்று வரை: மாற்றுத்திறனாளிகளும் சட்டமும்

உடற்குறைகளை எண்ணிச் சொல்லும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. புறநானூற்று 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறம் உரைக்கும்போது, மனிதப் பிறப்பில் வரும் குறைகள் எட்டு என்று கணக்குச் சொல்கிறார். பார்வையின்மை, கூன், குள்ளம், ஊமை, செவிடு எல்லாம் அதில் அடக்கம். நம் காலத்துச் சட்டமும் இப்படித்தான் எண்ணுகிறது. ஆனால் எண்ணுவதன் நோக்கம் வேறு.

1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. புலவர் அன்றே சொன்ன குள்ளமும் ஊமையும் அந்த ஏழில் தனி வகையாக இல்லை! பிறகு 2006 டிசம்பரில் ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2007இல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. அதன் விளைவுதான் 2016ஆம் ஆண்டுச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. இதில் 21 வகைகள். குள்ளமும் பேச்சுக் குறைபாடும் இடம்பெற்றன. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா, பார்க்கின்சன் நோய், அமில வீச்சுப் பாதிப்பு ஆகியவையும் சேர்ந்தன.

வகை கூடியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. கடைக்காரன் பாஷையில் சொல்கிறேன். தர்மம் வேறு, கடன் வேறு. தர்மம் கொடுப்பவன் மனசைப் பொறுத்தது. கடனோ கொடுத்தே தீர வேண்டியது. இச்சட்டம் மாற்றுத்திறனாளிக்கு உரியதைத் தர்மக் கணக்கிலிருந்து கடன் கணக்கிற்கு மாற்றி எழுதியிருக்கிறது.

என்னென்ன கிடைக்கும்? 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. அப்படியானால் 40க்குக் கீழே இருந்தால் ஒன்றுமே இல்லையா? அப்படியில்லை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. கை தசைப்பிடிப்பால் எழுத முடியாத ஒருவர், தேர்வு எழுத உதவியாளர் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். நியாயமான வசதி செய்து தருவதற்கு அந்த அளவு நிபந்தனை ஆகாது என்பது தீர்ப்பு. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் குறைபாட்டைக் காட்டி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் சட்டமே.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு முக்கியமானது 58ஆம் பிரிவு. முறைப்படி பெற்ற ஊனச் சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும். திருநெல்வேலியில் வாங்கியது தாராவியிலும் செல்லும், அகமதாபாத் மணிநகரிலும் செல்லும். இதுவரை வாங்காதவர்கள் இப்போது வசிக்கும் மாவட்டத்திலேயே, மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளம் வழியாக, யு.டி.ஐ.டி. என்னும் தனி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்று கவனிக்கணும். மாத உதவித்தொகை, பஸ் பாஸ் போன்றவற்றில் அந்தந்த மாநிலத்துக்குத் தனி விதி உண்டு. எனவே வசிப்பிடச் சான்றையும் தயாராக வைத்திருப்பது நல்லது.

"பிள்ளைக்குச் சர்ட்டிபிகேட் வாங்கினா பேர் கெட்டுடும், அக்காளுக்குக் கல்யாணம் ஆகாது" என்று நம்மவர் சிலர் இன்னும் சொல்கிறார்கள். பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வருவோரும் உண்டு. ஒளித்து வைத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது, தொழில் ஏது? சட்டம் கொடுத்ததை வீட்டு வாசலிலேயே நாம் தடுக்கிறோம்.

சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. பொதுக் கட்டடம் என்று சட்டம் சொல்வதில் கடை, கோயில், கலை நிகழ்ச்சி அரங்கம் எல்லாம் சேரும். நம் பொங்கல் விழா மாடியில் நடந்தால் சக்கர நாற்காலிக்காரர் எப்படி வருவார்? சாய்வுப் பாதைக்கான அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளம். இதற்குக் கொஞ்சம் சிமெண்டும், அதைவிடக் கொஞ்சம் மனசும் போதும். அடுத்த பொங்கலுக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் வாசலை ஒரு தடவை அளந்து பார்க்கட்டும்.